சதுர மழை

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. புரையேற வைக்கிற சிரிப்பு. ஆனால் அதை இப்போதே எடுத்து நீட்டினால் நீங்கள் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள், அதனால் அதை மடியில் முடிந்து வைத்திருக்கிறேன். முதலில் என்னோடு ஒரு மழையைத் தாண்டி வாருங்கள், அளவுகோல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி நாலு பக்கமும் நேராக நின்று பெய்த மழை, நனையாமல் தாண்ட முடியாது.

என் பேர் பேச்சி. உவர்க்கரை மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. எனக்கு வராத குரல் எங்கள் ஊரில் கிடையாது: மினி பஸ் கண்டக்டர் மூக்கால் ஊர்ப்பேர் சொல்வது, டீக்கடை சாலமோன் அண்ணாச்சி பால் பொங்கும்போது பதறுவது, சினையாட்டின் முனகல், பக்கத்து வீட்டு மிக்ஸி, எல்லாம் வரும். ஒருநாள் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு தலைமையாசிரியர் குரலில் தொண்டையைச் செருமி "இன்னைக்கு அரை நாள்தான், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்னேன், பிள்ளைகள் ஓடினார்கள், வாத்தியார்கள் ஓடினார்கள், கடைசியில் தலைமையாசிரியரே பையைத் தூக்கிக்கொண்டு "நாந்தான் சொல்லியிருப்பேன் போல" என்று வாசல்வரை போய்விட்டார். அது இல்லை நான் சொன்ன சிரிப்பு. அது சும்மா கொசுறு.

என் சித்தப்பா தவசிலிங்கம் சிரிக்காத மனிதர். கோபக்காரர் என்று அர்த்தமில்லை, சிரிப்பு அவரிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான், நீங்கள் ஒரு வேடிக்கை சொன்னால் மரியாதையாகக் கேட்டுவிட்டு "பொறவு?" என்பார். எங்கள் வீட்டிலேயே இருந்தார். பள்ளிக்கூட மைதானத்து நடுவில் நாலு கால்மேல் நிற்கிற வெள்ளைப் பெட்டி அவர் பொறுப்பு. அதற்குள் இரண்டு வெப்பமானி. ஒன்று சும்மா இருக்கும்; இன்னொன்றின் குமிழுக்கு ஈரத்துணி கட்டியிருக்கும், அதற்கு ஈரக்குமிழ் என்று பேர், காற்றில் எவ்வளவு ஈரம் என்று அது காட்டிக்கொடுக்கும். தினமும் காலையில் இரண்டையும் பார்த்து, நகரத்து வானிலை ஆபீசில் இருக்கிற இன்பராஜ் சாருக்குப் போனில் சொல்வார். அவர் அதை மிஷினுக்குள் போடுவார். மதியத்துக்குள் அன்றைய சாயங்காலத்து மழையும் நாளைய வெயிலும் எங்களுக்குத் திரும்பி வரும், சித்தப்பா உப்பளச் சங்கத்து மைக்கில் அதைச் சொல்வார். மழை என்றால் உப்பு அம்பாரங்களின்மேல் ஓலை ஏறும். அவ்வளவுதான் ஊருக்கும் ஆகாயத்துக்கும் இருந்த பேச்சுவார்த்தை.

"மிஷினுக்கு எப்படி சித்தப்பா தெரியும்?" என்று கேட்டிருக்கிறேன்.

"ஆகாசத்தக் கணக்கு நோட்டு மாதிரி கட்டங் கட்டமாப் பிரிச்சு வச்சிருக்காங்கட்டி. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சூடு, ஒரு ஈரம், ஒரு காத்து. இந்தக் கட்டம் அதத் தள்ளும், அது இதத் தள்ளும். தள்ளித் தள்ளி நாளைக்கு எங்க போய் நிக்கும்னு கணக்குப் போடும். நம்ம ஊருக்குன்னு இப்பம் புதுசா ஒரு சின்னக் கட்டம் போட்டிருக்காங்க."

"அப்பம் மேல நெசமாவே கோடு இருக்கா?"

"கோடு மிஷினுக்குத்தான். ஆகாசத்துக்கு எதுக்குக் கோடு?"

கீழே சூடும் ஈரமும் கிடந்து, மேலே குளிர்ந்து கிடந்தால், அந்தக் காற்று நிலைகொள்ளாது என்றும் அவர்தான் சொன்னார். ஒரு சின்னத் தள்ளு போதுமாம், சர்ரென்று ஏறுமாம், ஏற ஏற அதுவே அதைத் தூக்கிக்கொண்டு போகுமாம், யார் நிறுத்தியும் நிற்காதாம். "என்ன மாதிரி" என்றேன். "ஒன்ன மாதிரியேதான்" என்றார், சிரிக்காமல்.

ஆவணியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. பெண் வடிவக்கா, கிழக்குப் பாத்திகளைத் தனியாளாகக் குத்தகைக்கு எடுத்து உப்பு வாருகிறவள், வாருபலகையைத் தோளில் சாத்திக்கொண்டு வந்தால் சங்கத்துத் தலைவரே வழிவிடுவார். அவள் அம்பாரம் அந்த வருஷம் ஊரிலேயே உயரம். உப்பு லாரியில் ஏறிப் போனதும் தாலி என்று பேச்சு. கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்த மல்லு வேட்டியிலிருந்து சித்தப்பா ஒருநாள் ஒரு துண்டு கிழித்தார், ஈரக்குமிழின் துணி உப்புக்காற்றில் மஞ்சளாகி விறைத்துப்போய், ஆபீசிலிருந்து புதுத் துணி வராமல், வேறு எந்தத் துணியும் அவ்வளவு மெல்லிசாகக் கிடைக்காமல், கடைசியில் உள்பக்கம் செருகி மறைகிற முனையில் கிழித்தார். நான் பார்த்துவிட்டேன். "வடிவுட்ட சொன்னே, தொலஞ்ச" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அந்தத் துணியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். சித்திரை வெயில், காற்று அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்த காலை. சித்தப்பா ரீடிங் பார்த்து இன்பராஜ் சாருக்குச் சரியான நம்பரைச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார், போன் கட்டிலில் கிடந்தது, என் தொண்டை நமநமத்தது. அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் இருந்தால் எனக்கே ஆறுதலாக இருந்திருக்கும். நான் போனை எடுத்துச் சித்தப்பா குரலில், அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் விடுகிற சின்ன மூச்சோடு, "சார், ஒரு திருத்தம், ஈரக்குமிழத் தப்பாச் சொல்லிப்புட்டேன்" என்று ஆரம்பித்து, வாய்க்கு வந்த ஒரு நம்பரைச் சொன்னேன், காற்று முழுக்கத் தண்ணீர் குடித்துக் கிடக்கிறது என்று அர்த்தம் வருகிற நம்பர். இன்பராஜ் சாருக்குச் சந்தேகம். திருப்பிக் கேட்டார். அதற்கு நான் ஒன்று சொன்னேன். அவர் போனைக் கையில் பிடிக்க முடியாமல் சிரித்தார், பின்னால் யார் யாரிடமோ சொன்னார், அவர்களும் சிரித்தார்கள், நம்பரை மாற்றிக்கொண்டார். நான் என்ன சொன்னேன் என்பதுதான் என் மடியில் இருப்பது. பொறுங்கள்.

மதியம் மிஷின் சொன்னதைச் சித்தப்பா மைக்கில் படித்தார்: உவர்க்கரைக் கட்டத்தில் இன்று சாயங்காலம் இடியோடு கனமழை. ஆகாயத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. உப்பளத்தில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். வடிவக்கா மட்டும் ஓலையை இழுத்துக்கொண்டு சித்தப்பாவிடம் வந்தாள்.

"மூடவா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க."

"வேண்டாம். காலைல நானே பாத்தேன். காத்துல ஈரமே இல்ல. மிஷின் எங்கியோ சறுக்கிருச்சு."

நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். எத்தனையோ பேர் வாயைக் கடன் வாங்கித் திறந்தவள், அன்று என் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் மழை வந்தது. மேகம் கூடி, இருண்டு, காற்றடித்து வரும் மழையாக அது இல்லை. யாரோ ஆகாயத்தில் ஒரு கதவைத் திறந்த மாதிரி, கிழக்குப் பாத்திகளும் பள்ளிக்கூடமும் பாதி டீக்கடையும் அடங்குகிற ஒரு சதுரத்துக்குள், நேராக, கனமாக, விளிம்பில் ஒரு துளிகூடச் சிதறாமல் இறங்கியது. அடுத்த பாத்திக்காரர் உப்பு வெயிலில் மினுங்கிக்கொண்டிருக்க, அடுத்த வரப்பில் வடிவக்காவின் அம்பாரம் சர்க்கரை மாதிரி உட்கார்ந்து, சரிந்து, வெள்ளையாக ஓடி வாய்க்காலில் சேர்ந்தது. அவள் ஓலையைக் கையில் பிடித்தபடியே நின்றாள். ஓடவுமில்லை, மூடவுமில்லை.

மழை நிற்கவில்லை. அதன் காரணம் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. வெள்ளைப் பெட்டி மழைக்குள்ளே இருந்தது. மறுநாள் சித்தப்பா குடைபிடித்துப் போய் உண்மையான நம்பரைப் பார்த்து உண்மையாகச் சொன்னார், நம்பர் ஈரமாக இருந்தது, மிஷின் மழை என்றது, ஆகாயம் மிஷின் சொன்னபடி கேட்டது, அதற்கடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும். பொய் சொன்னது ஒரே ஒரு காலைதான், அதன்பிறகு சொன்னதெல்லாம் உண்மை, அந்த உண்மைகள்தான் மழையைப் பிடித்து வைத்திருந்தன.

ஊர் என்ன செய்தது என்று கேட்கிறீர்களா, ஊர் பழகிக்கொண்டது. வைகாசி பிறக்கும்போது மழைக்கு விளிம்பு இருப்பதை யாரும் பேசுவதில்லை, விளிம்பு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பேசினார்கள். சாலமோன் கடையில் ஒரு பெஞ்சு நனையும், ஒரு பெஞ்சு காயும். வெக்கை தாங்காதவர்கள் நனைகிற பெஞ்சில் உட்கார்ந்து காய்கிற பக்கம் கையை நீட்டி டீ வாங்கினார்கள். மினி பஸ் டிரைவர் தபால்பெட்டி வந்ததும் வைப்பரைப் போட்டுப் பிள்ளையார் கோயில் வந்ததும் நிறுத்தினார், பார்க்கக்கூட மாட்டார், கை தானே போகும். ஆடுகள் உடம்பை வெயிலிலும் வாயை மழையின் ஓரத்தில் முளைத்த புல்லிலும் வைத்து மேய்ந்தன. பயல்கள் மழைவிளிம்பையே கோடாக வைத்துக் கபடி விளையாடினார்கள், நனைந்தவன் அவுட். பெண்கள் விளிம்பு நெடுக இந்தப் பக்கம் துணி காயப்போட்டு அந்தப் பக்கம் குடம் வைத்தார்கள். உப்புத் தண்ணீரே குடித்து வளர்ந்த ஊரில் நல்ல தண்ணீர் வாசலில் கொட்டியது, மருமகள்கள் தண்ணி லாரிக்குக் காத்திருக்கிற சாக்கில் பேசுகிற பேச்சை இழந்தார்கள், அது ஒன்றுதான் குறை. ஜோசியர் கந்தப்பிள்ளை மட்டும் "கட்டத்தப் பத்தி எங்கிட்டத்தான் கேக்கணும்" என்று நாற்காலியை விளிம்பில் கொண்டுவந்து போட்டார், பாதி நரைமுடி ஒட்டி, பாதி பறந்து, ஒரு பருவம் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்த மழைக்கு ஊர் வைத்த பேர் தவசி மழை. பேர் வரக் காரணம் சித்தப்பாவேதான். மழை வந்த மறுநாள் இன்பராஜ் சார் போனில், "உங்க ஈரக்குமிழ் நம்பர் உச்சத்துல இருந்துச்சே அண்ணாச்சி, அப்புறம் மிஷின் வேற என்ன சொல்லும்" என்றார். சித்தப்பா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, நேராகச் சங்கத்துக்குப் போய், மைக்கைத் தட்டி, "நான் தவசிலிங்கம் பேசுதேன். கண்ணு ஒண்ணப் பாத்துச்சு, வாய் வேறயச் சொல்லிருக்கு. கல்யாண நெனப்புல இருந்துருக்கேன். இந்த மழை என்னால வந்தது" என்று ஊருக்கே சொன்னார். அந்த மைக்கில் அதற்கு முன்னால் யாரும் தங்களைப் பற்றிச் சொன்னதில்லை. நான் வகுப்பில் உட்கார்ந்து கேட்டேன். என் பக்கத்துப் பிள்ளை, "ஏட்டி, ஒங்க சித்தப்பா குரல நீ பேசுனா இன்னும் நல்லாருக்கும்" என்றாள்.

ஊர் அவரைத் திட்டவில்லை, அதுதான் கொடுமை. குடத்தோடு போகிற பெண்கள் "தவசியண்ணே, ஒங்க புண்ணியத்துல பருப்பு நல்லா வேகுது" என்பார்கள், அவர் ஒவ்வொரு தடவையும் ஆணி ஏறின மாதிரி நின்று தலையாட்டுவார். கிழக்குப் பாத்திப் பக்கம் போவதை நிறுத்தினார். வடிவக்கா நனைந்தபடி பாத்தியில் நிற்பாள், இவர் விளிம்புக்கு இந்தப் பக்கம் காய்ந்து நிற்பார், நடுவில் ஒரு கை அகலம்தான், தாண்ட மாட்டார்.

ஒருநாள் நான் அவளிடம் போனேன், சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அவள் தண்ணீர் நின்ற பாத்தியில் வாருபலகையால் சும்மா வாரிக்கொண்டிருந்தாள், வந்தது சேறு.

"ஒங்க சித்தப்பாட்ட சொல்லுட்டி, நான் கோவிக்கலன்னு. மனுசன் வாய் தவறாதா. எனக்கு உப்பு போனது போட்டும். அவரு மூஞ்சியப் பாக்காம இருக்கதுதான் தாங்கல."

நான் "சரிக்கா" என்றேன். அதுகூட என் குரலில் வரவில்லை, அம்மா குரலில் வந்தது.

அன்று ராச்சாப்பாட்டில் சித்தப்பா அம்மாவிடம், "மதினி, சங்கத்துக்காரரோட மச்சான் அந்தமான்ல இருக்காரு, வரச் சொல்லுதாரு, போயிரலாம்னு இருக்கேன்" என்றார்.

"கல்யாணம்?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மதினி? மூடவான்னு கேட்டவளப் பாத்து வேண்டாம்னவன் நான்."

நேராகச் சொல்வதுதான் வழி, ஆனால் நேராகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மறுநாள் தோழியின் போனில் இன்பராஜ் சார் குரலை எடுத்துச் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். "அண்ணாச்சி, நாங்க நல்லாப் பார்த்துட்டோம், உங்க மேல தப்பே இல்ல, மிஷின்ல கோளாறு, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க." அந்தப் பக்கம் அந்தச் சின்ன மூச்சு. பிறகு, "நீங்க பெரிய மனசுல சொல்லுதிய சார். ஆனா எனக்காண்டி மிஷின் மேல பழி போடாதிய. அது என்ன செய்யும், நாம சொன்னதத்தானே நம்பும்" என்றார். வைத்துவிட்டார். அன்றிலிருந்து அவர் இன்னும் ஒடுங்கிப் போனார். தனக்காக ஒரு நல்ல மனிதரைப் பொய் சொல்ல வைத்துவிட்டோம் என்று அம்மாவிடம் புலம்பினாராம்.

சரி, மழையையாவது நிறுத்தலாம் என்று, அவர் குளிக்கிற நேரம் பார்த்து மறுபடி அதே போன், மறுபடி சித்தப்பா குரல். "சார், ஒரு திருத்தம்." காய்ந்துபோன ஒரு நம்பர் சொன்னேன், அன்றைக்கு நான் மாற்றவைத்த அந்தச் சரியான நம்பர்போலவே. "மறுபடியும் திருத்தமா? இதை நான் இங்க உக்காந்து போட முடியாது அண்ணாச்சி. நேர்ல வந்து பெட்டியைப் பார்க்கிறேன்" என்றார் இன்பராஜ் சார். என்னைத் தள்ளிவிட்டது நான்தான், சித்தப்பா சொன்ன காற்று மாதிரி ஏறிக்கொண்டிருந்தேன், நிற்க முடியவில்லை.

அவர் வந்தார். குரலுக்கு நான் நினைத்த உடம்பு வேறு, வந்த உடம்பு வேறு. ஒல்லியாக, சின்ன வயசு, மினி பஸ்ஸிலிருந்து இறங்கி மழைவிளிம்பைப் பார்த்து, ஒரு கையை உள்ளே நீட்டி, வெளியே எடுத்து, மறுபடி நீட்டினார். சாலமோன் அண்ணாச்சி "எந்தப் பெஞ்சு சார்?" என்று கேட்டார்.

பள்ளிக்கூட மைதானத்தில் குடைகளாகக் கூட்டம். வெள்ளைப் பெட்டிக்குப் பக்கத்தில் சித்தப்பா. நான் அவருக்குப் பின்னால், அவர் குடைக்குள். வடிவக்காவும் வந்திருந்தாள், ஆனால் கிட்டே வரவில்லை, மைதானத்துக்கு அந்தப் பக்கம் விளிம்புக்கு வெளியே நின்றாள், எங்களுக்கு நடுவில் மழை திரைபோலத் தொங்கியது, அவள் நிழலாகத்தான் தெரிந்தாள்.

"சார், வந்ததே நல்லது. இந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம்" என்றார் சித்தப்பா. "அந்தமான் போறேன். அன்னைக்கு வாய் தவறிச் சொல்லி ஒருத்தி பொழப்பையே கரைச்சுப்புட்டேன்."

"வாய் தவறியா?" இன்பராஜ் சார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க தெளிவாத்தானே அண்ணாச்சி சொன்னீங்க. சந்தேகப்பட்டுக் கேட்டதுக்கு ஒரு ஜோக் வேற அடிச்சீங்களே. எங்க ஆபீஸ்ல இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாங்க."

"ஜோக்கா?"

"தவசியண்ணனா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

இதோ, மடியை அவிழ்க்கிறேன், அவிழ்த்தது நான் இல்லை.

"'ஈரக்குமிழ் இவ்வளவு ஏறியிருக்கே, தெர்மாமீட்டர் நல்லாத்தான் இருக்கா'ன்னு கேட்டேன். அதுக்கு நீங்க, 'அது நல்லாத்தான் சார் இருக்கு. அதுக்குக் கட்டிவிட்டது என் கல்யாண வேட்டில கிழிச்ச துணி. மாப்பிள்ள வேட்டியக் கட்டிக்கிட்டு, இத்தன பொம்பளப் புள்ளைய படிக்கிற பள்ளிக்கூடத்துல நட்டநடுவுல நிக்கச் சொன்னா, வேர்க்காம என்ன சார் செய்யும்'னீங்க."

கூட்டம் வெடித்தது. குடைகள் குலுங்கின. தலைமையாசிரியர் சிரித்துச் செருமினார், செருமிச் சிரித்தார். கந்தப்பிள்ளை நாற்காலியோடு ஆடினார். மழைக்கு அப்பாலிருந்து வடிவக்கா, "கல்யாண வேட்டியவா கிழிச்சிய?" என்றாள்.

சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியின் கதவைத் திறந்தார். ஈரக்குமிழைச் சுற்றியிருந்த துணியை விரல்நுனியால் தொட்டுப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார், எடுத்து வைத்த வேட்டியையும், கிழித்த மத்தியானத்தையும், சத்தியம் வாங்கின ஆளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். குடை மெல்லச் சரிந்து என் தலையை விட்டு விலகியது. மழை என்மேல் விழுந்தது. அவர் திரும்பவில்லை.

"சார்" என்றார், ஒரு சின்ன மூச்சுக்குப் பிறகு. "இன்னைக்கு நீங்க கேக்க வேண்டியத இவ சொல்லுவா. யாரு குரல்லயும் இல்ல. இவ குரல்ல."

நான் வாயைத் திறந்தேன். முதலில் தலைமையாசிரியர் செருமல் வந்தது, அதை விழுங்கினேன். கண்டக்டர் மூக்கு வந்தது, தள்ளினேன். அம்மா வந்தாள், இன்பராஜ் சார் வந்தார், ஒரு ஆடுகூட வந்தது, எல்லாரையும் ஒதுக்கி ஒதுக்கி அடியில் தேடினால் அங்கே ஒரு குரல் கிடந்தது, மெலிசாக, கரகரப்பாக, உபயோகிக்காத பாத்திரத்தின் சத்தம் மாதிரி.

"அன்னைக்கு நம்பரச் சொன்னது நான். ரெண்டு தடவயும் நாந்தான். சித்தப்பா தப்பாப் பாக்கல, தப்பாச் சொல்லல. வடிவக்கா உப்பக் கரைச்சது நான்."

சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது.

விளிம்புக்கு அப்பாலிருந்து வடிவக்கா கழுத்தை நீட்டி, "யாரு அங்க பேசுறது? நம்ம ஊர்க்குரல் மாதிரி இல்லியே" என்றாள்.

சித்தப்பா திரும்பினார். என்னைப் பார்த்தார், அவளிருந்த பக்கம் பார்த்தார். அவர் தோளில் ஏதோ ஒன்று லேசாகத் தள்ளிய மாதிரி அசைந்தது, பிறகு வயிற்றிலிருந்து கிளம்பி ஏறியது, ஏற ஏற அதுவே அதைத் தூக்கிக்கொண்டு போனது, கண்ணில் தண்ணீரும் சேர்ந்துகொண்டது, குடை கீழே விழுந்தது. அப்படியே சிரித்துக்கொண்டே, அழுதுகொண்டே, மைதானத்தையும் அந்த ஒரு கை அகலத்தையும் தாண்டி அவளிடம் சொல்ல நடந்தார் என் சித்தப்பா.